விளக்கு வச்ச நேரம்: வாசகர் கேள்விகளுக்கு டீச்சர் பதில்

போன இதழ்ல சாயங்கால குடும்ப ஜெபம் பத்தி ரெண்டே ரெண்டு வரிதான் எழுதியிருந்தேன், அதுக்கு இத்தனை கடிதம் வரும்னு நினைக்கல. வாட்ஸ்அப்ல வந்ததையும் சேத்தா ஒரு கட்டு இருக்கு. அதனால இந்த தடவை மத்த கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்கு தள்ளிட்டு இதையே எடுத்துக்கிறேன். பேர் போடவேண்டாம்னு நிறைய பேர் கேட்டிருக்கீங்க, அதனால யார் பேரும் போடல, ஊர் மட்டும்தான்.

"டீச்சர், எங்க ஆச்சி வீட்ல விளக்கு வச்சதும் பேச்சு டிவி எல்லாம் நின்னுரும், பாய விரிச்சு எல்லாரும் முழங்கால் போட்டு செபமாலை சொல்லுவோம், தூங்கி விழுந்தா ஆச்சி தொடைல கிள்ளுவாங்க. முதல் முதல்ல இருந்த கிறிஸ்தவங்க வீட்லயும் இப்படி ஜெபம் இருந்துச்சா, இல்ல இதெல்லாம் பின்னால வந்ததா?" - நாகர்கோவில் வாசகி

செபமாலை பின்னால வந்ததுதான் தங்கச்சி, இன்னிக்கு நாம சொல்ற மாதிரி அது ஐரோப்பாவுல மத்திய காலத்துல கொஞ்சம் கொஞ்சமா உருவானது. ஆனா விளக்கு வச்ச நேரத்து ஜெபம் இருக்கே, அதுக்கு வயசு ரொம்ப ஜாஸ்தி. கார்த்தேஜ்னு ஒரு ஊர், இன்னிக்கு துனிசியா நாட்டுல இருக்கு, அங்க தெர்த்துல்லியன்னு ஒரு கிறிஸ்தவ எழுத்தாளர் கி.பி. 197 வாக்குல எழுதுறார், நாங்க ராத்திரி ஒண்ணா உட்காந்து சாப்பிடுவோம், முடிச்சதும் கை கழுவுவோம், விளக்கு கொண்டு வருவாங்க, அப்புறம் ஒவ்வொருத்தரா எழுந்து வேதத்துலருந்தோ சொந்தமாவோ கடவுளுக்கு ஒரு பாட்டு பாடணும்னு. யாரு எவ்வளவு குடிச்சிருக்காங்கன்னு அதுலயே தெரிஞ்சிரும்னும் சேத்து எழுதுறார். கிறிஸ்தவங்க ராத்திரில கூடி என்னமோ அசிங்கம் பண்றாங்கன்னு ஊர் பூரா வதந்தி ஓடிட்டிருந்த காலம் அது, அதுக்கு பதிலாத்தான் எங்க வீட்டுக்குள்ள நடக்கிறது இவ்வளவுதான்யான்னு திறந்து காட்டுறார். 4ம் நூற்றாண்டுல பசிலியார்ங்கிற ஆயர் இன்னும் ஒரு படி மேல போறார். சாயங்கால வெளிச்சம் வீட்டுக்குள்ள வரும்போது வாயை மூடிட்டு அதை வாங்கிக்கக்கூடாது, உடனே நன்றி சொல்லணும்னு நம்ம முன்னோர் நினைச்சாங்க, அந்த விளக்குப் பாட்டை யாரு கட்டினாங்கன்னு எங்களுக்கே தெரியாதுன்னு எழுதியிருக்கார். அவர் காலத்துலயே அது யாருக்கும் ஆதி தெரியாத பழைய பாட்டு, பாத்துக்கோங்க. உங்க ஆச்சிக்கு இதெல்லாம் தெரிஞ்சிருக்காது, ஆனா விளக்கு வச்சதும் பேச்சை நிறுத்தினாங்க பாருங்க, அது அந்த வழியில வந்த பழக்கம்தான்.

இன்னொண்ணு, அப்ப கோயில்னு தனிக் கட்டடமே கிடையாது, வீடுதான் கோயில். பவுல் ரோமருக்கு எழுதுற நிருபம் 16ம் அதிகாரத்துல பிரிஸ்கில்லா ஆக்கில்லா வீட்ல கூடுற சபைக்கு வாழ்த்து சொல்லுன்னு எழுதுறார், கொலோசெயருக்கு எழுதுறதுல நிம்பாங்கிற அம்மா வீட்ல இருக்கிற சபைய சொல்றார். சிரியாவுல யூப்ரடீஸ் ஆத்துக் கரைல தூரா ஐரோப்போஸ்னு ஒரு பழைய ஊர், அங்க 1930கள்ல தோண்டும்போது 3ம் நூற்றாண்டு வீடு ஒண்ணு கிடைச்சுது, சாதாரண வீடுதான், ரெண்டு ரூம் நடுவுல இருந்த சுவரை எடுத்துட்டு கூட்டம் உட்கார இடம் பண்ணியிருக்காங்க, ஒரு சின்ன ரூம ஞானஸ்நானத் தொட்டியோட சித்திரம் எல்லாம் போட்டு வச்சிருக்காங்க. வெளிய இருந்து பாத்தா தெருவுல இருக்கிற மத்த வீடு மாதிரியேதான் இருந்திருக்கும்.

ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஜெபம்னு கேட்டா, திதாக்கேன்னு ஒரு சின்ன நூல், பன்னிரண்டு அப்போஸ்தலர் போதனைன்னும் சொல்லுவாங்க, முதல் நூற்றாண்டு கடைசி இல்லாட்டி ரெண்டாம் நூற்றாண்டு ஆரம்பம், அதுல பரலோக மந்திரத்தை, அதாவது எங்கள் பிதாவேங்கிற ஜெபத்தை, அப்படியே எழுதி இதை நாளைக்கு மூணு தரம் சொல்லுங்கன்னு போட்டிருக்கு. தெர்த்துல்லியன் அதையே காலை 9, பகல் 12, சாயங்காலம் 3ன்னு மணிக்கணக்கு வச்சு சொல்றார், பொழுது விடியும்போதும் ராத்திரி தொடங்கும்போதும் சொல்றது தனி, அது எல்லாருக்கும் கடமைங்கிறார். ரோம் பக்கத்து இப்போலித்து பேர்ல வர்ற பழைய ஒழுங்கு நூல் இன்னும் கிட்டத்துல வருது: படுக்கைய விட்டு எழுந்ததும் வேலையத் தொடுறதுக்கு முன்ன கை கழுவி ஜெபம் பண்ணு, 9 மணிக்கு வீட்ல இருந்தா வாய்விட்டு ஜெபி, வேற எங்கயாவது இருந்தா மனசுக்குள்ள ஜெபி, நடு ராத்திரியும் எழுந்து கை கழுவி ஜெபி. வேதம் வாசிக்க சபையில கூட்டம் இருந்தா போ, இல்லாட்டி வீட்ல ஒரு புத்தகம் எடுத்து வாசின்னும் இருக்கு. கூலிக்காரங்களும் அடிமைகளும் நிறைய பேர் இருந்த சபை அது, 9 மணிக்கு எஜமான் வீட்டு வேலைய விட்டுட்டு முழங்கால் போட முடியுமா, அதனாலதான் மனசுக்குள்ளன்னு அந்த வார்த்தை. எனக்கு ரொம்ப பிடிச்ச வரி அது.

சிலுவை போடுறதும் அப்படித்தான். வெளிய போகும்போது, உள்ள வரும்போது, செருப்பு மாட்டும்போது, குளிக்கும்போது, சாப்பாட்டுல உட்காரும்போது, விளக்கேத்தும்போது, படுக்கும்போது, எதுக்கெடுத்தாலும் நெத்தியில சிலுவை வரைஞ்சுக்குவோம்னு தெர்த்துல்லியன் பட்டியலே போடுறார். எங்க பாட்டி கொட்டாவி விட்டா வாய்க்கு நேரா சிலுவை போடுவாங்க, சோத்துப் பானை மூடியத் திறக்கும்போது போடுவாங்க, பஸ் கிளம்பினா போடுவாங்க. ஸ்கூல் படிக்கிறப்ப எனக்கு இது கூச்சமா இருக்கும். அப்புறம் இதைப் படிச்சப்போ புத்தகத்தை மூடி வச்சுட்டு அழுதுட்டேன், பாட்டி அப்ப இல்ல.

முழங்கால் போடுறதுல மட்டும் ஒரு வித்தியாசம். அந்தக்கால கிறிஸ்தவங்க பெரும்பாலும் நின்னு ரெண்டு கையையும் விரிச்சு ஜெபிச்சாங்க, ரோம்ல நிலத்தடி கல்லறைச் சுவர்ல அப்படி நிக்கிற உருவங்கள் இன்னிக்கும் இருக்கு. ஞாயித்துக்கிழமை முழங்கால் போடக்கூடாது, அது உயிர்த்த நாள், நின்னுதான் ஜெபிக்கணும்னு 325ல நிசேயாவுல கூடின ஆயர்கள் சங்கம் சட்டமே போட்டுச்சு. அதனால மூட்டு வலியோட கஷ்டப்பட்டு முழங்கால் போடுற பெரியவங்க, நின்னோ உட்காந்தோ சொல்லுங்க, தாராளமா சொல்லுங்க.

"எனக்கு 71 வயசு. எங்க அம்மா பிதா சுதன் இஸ்பிரீத்து சாந்துன்னுதான் சொல்லுவாங்க, பிரியதத்த மந்திரம் கிருபை தயாபத்து மந்திரம்னுதான் எனக்கும் வாயில வருது. பேத்தி இதென்ன பாஷை தாத்தான்னு கேக்குறா. இந்த ஜெபமெல்லாம் நம்ம வீட்டுக்குள்ள எப்படி வந்துச்சு?" - தூத்துக்குடி வாசகர்

அண்ணாச்சி, பேத்தி கேட்டது நல்ல கேள்வி, உக்கார வச்சு கதையா சொல்லுங்க. இஸ்பிரீத்து சாந்துங்கிறது போர்த்துகீசு வார்த்தை, பரிசுத்த ஆவிங்கிறதுதான் அர்த்தம். பிரியதத்தம்னா இன்னிக்கு அருள் நிறைந்த மரியேன்னு சொல்ற ஜெபம், கிருபை தயாபத்தும் மாதாவ நோக்கி சொல்றதுதான். நம்ம முத்துக்குளித்துறை பரதவ மக்கள் 1535, 37 வாக்குல கூட்டம் கூட்டமா ஞானஸ்நானம் வாங்கினாங்க, ஆனா அதுக்கப்புறம் அவங்களுக்கு ஜெபம் சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது, பேருக்கு கிறிஸ்தவங்களா அஞ்சாறு வருஷம் அப்படியே இருந்தாங்க. 1542 கடைசியில சவேரியார் வந்தார். அவருக்கு தமிழ் தெரியாது. ரெண்டு பாஷையும் தெரிஞ்சவங்கள சேத்து வச்சு சிலுவை அடையாளம், விசுவாச மந்திரம், பரலோக மந்திரம், பிரியதத்தம், பத்துக் கட்டளை, கிருபை தயாபத்து எல்லாத்தையும் தமிழ்ல மாத்த வச்சு, தானும் அதை மனப்பாடம் பண்ணிக்கிட்டு, கையில மணியோட தெருத்தெருவா போய் பிள்ளைங்களையும் பெரியவங்களையும் கூட்டி நாளைக்கு ரெண்டு தரம் சொல்லிக்கொடுத்தார். 1544 ஜனவரியில கொச்சியிலருந்து எழுதின கடிதத்துல இதெல்லாம் அவரே சொல்றார். பிள்ளைங்க என்னை ஜெபம் பண்ண விடல, சாப்பிட விடல, தூங்க விடல, ஒரு மந்திரம் சொல்லிக்கொடுன்னு நிக்கிறாங்கன்னு எழுதுறார். ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்து கை ஓஞ்சு போச்சு, விசுவாச மந்திரத்தை திரும்பத் திரும்ப சொல்லி தொண்டை போச்சுன்னும் எழுதுறார்.

இதுல முக்கியமானது என்னன்னா, அவர் பிள்ளைங்ககிட்ட கேட்டது ஒண்ணுதான், கத்துக்கிட்டதை வீட்ல போய் அப்பா அம்மாவுக்கும் வீட்டு ஆளுங்களுக்கும் அக்கம்பக்கத்துக்கும் சொல்லிக்கொடு. ஊர்ல யாருக்காச்சும் முடியலன்னா கூட்டத்துல மாட்டிக்கிட்ட அவரால எல்லா வீட்டுக்கும் போக முடியாது, பிள்ளைங்கதான் போய் நோயாளி பக்கத்துல நின்னு மந்திரம் சொல்லுவாங்க. ஆக நம்ம கரையில குடும்ப ஜெபத்தை ஆரம்பிச்சு வச்சது சின்னப் பிள்ளைங்க அண்ணாச்சி. அதை பேத்திகிட்ட கட்டாயம் சொல்லுங்க.

அப்புறம் அண்ட்ரிக் அடிகளார்ங்கிற போர்த்துகல் நாட்டு குரு வந்தார், அவருக்கு நம்ம பாஷை மேல பெரிய ஆசை, தமிழை முறையாப் படிச்சு இலக்கணமே எழுதினார். 1578 அக்டோபர் 20ம் தேதி கொல்லத்துல அச்சான தம்பிரான் வணக்கம் அவர் கையால வந்தது, 16 பக்கம்தான், தமிழ் எழுத்துலயே அச்சு வார்த்து போட்டது. அதுக்கு முன்னாடி 1554ல லிஸ்பன்ல தமிழ் ஜெபம் அச்சாகியிருந்தாலும் அது ரோமன் எழுத்துல. அடுத்த வருஷம் 1579ல கொச்சியில கிரிசித்தியானி வணக்கம் வந்துச்சு. தம்பிரான் வணக்கத்துல ஒரே ஒரு பிரதிதான் இன்னிக்கு இருக்கு, அதுவும் அமெரிக்காவுல ஹார்வர்ட் நூலகத்துல. தமிழ் எழுத்துல அச்சு ஏறின முதல் புத்தகத்துல என்ன இருந்துச்சுன்னு யாராச்சும் கேட்டா, உங்க அம்மா அடுப்படியில சொன்ன மந்திரங்கதான் இருந்துச்சுன்னு நெஞ்சை நிமித்தி சொல்லலாம்.

இப்ப சபையில பரிசுத்த ஆவின்னு சொல்றோம், அருள் நிறைந்த மரியேன்னு சொல்றோம், அது சரிதான், பிள்ளைங்களுக்கு புரியணும். உங்களுக்கு பழசு வாயில வந்தா பழசையே சொல்லுங்க, பேத்தி புதுசுல பதில் சொல்லட்டும், ஒண்ணும் ஆகாது.

"நான் கல்யாணம் பண்ணி வந்தது வேற மதக் குடும்பத்துக்கு. வீட்டுக்காரர் நல்லவர், தடுக்க மாட்டார். மாமியாருக்கு பிடிக்காது. பாத்திரம் தேய்க்கும்போது மனசுக்குள்ள ஜெபம் பண்ணிக்கிறேன், நெத்தியில சிலுவை போடக்கூட பயமா இருக்கு. இது கணக்குல சேருமா?" - மதுரை வாசகி

இந்தக் கடிதத்தை நாலு தடவை படிச்சேன் மா. நீங்க இருக்கிற நிலைமையில அந்தக்கால சபையில எத்தனையோ பொம்பளைங்க இருந்தாங்க. தெர்த்துல்லியன் தன் மனைவிக்கு எழுதினதுலயே இது வருது. அவர் அந்த மாதிரி கல்யாணமே வேண்டாம்கிற கட்சி, கறாரா பேசுவார், ஆனா அவர் சொல்ற காரணத்துல அந்தப் பெண்ணுங்க வாழ்க்கை அப்படியே தெரியுது: அவ படுக்கைக்கும் உடம்புக்கும் சிலுவை போடும்போது புருஷன் கண்ணுல படாதா, ராத்திரி எழுந்து ஜெபம் பண்ணும்போது என்னமோ மந்திர வேலைன்னு நினைக்க மாட்டானா, மத்த சாப்பாட்டுக்கு முன்ன அவ ரகசியமா எடுத்துக்கிற அந்த அப்பம் என்னன்னு சந்தேகம் வராதா, அவ உபவாசம் இருக்கிற நாள்லதான் அவன் விருந்து வைப்பான்னு எழுதுறார். பூசையில கொடுக்கிற அப்பத்தை, அதாவது நற்கருணைய, வீட்டுக்கு கொண்டுபோய் வச்சு தினம் கொஞ்சம் எடுத்துக்கிற பழக்கம் அப்ப இருந்துச்சு, அதைத்தான் சொல்றார். பயந்து பயந்து மறைச்சு வச்சு ஜெபிச்ச பொம்பளைங்க இருந்ததாலதான இதை எழுதவேண்டி வந்துச்சு. நான் சொன்னேனே அந்த இப்போலித்து பேர்ல வர்ற ஒழுங்கு நூல், அது இன்னும் இரக்கமா பேசுது, நடு ராத்திரி ஜெபத்துக்கு கூட இருக்கிறவங்க விசுவாசியா இருந்தா ரெண்டு பேரும் சேந்து ஜெபிங்க, இல்லாட்டி வேற ரூமுக்கு போய் ஜெபிச்சுட்டு திரும்ப வந்து படுன்னு மட்டும் சொல்லுது. சண்டை போடுன்னோ விட்டுட்டு வான்னோ ஒரு வார்த்தை இல்ல.

மாமியார் விஷயத்துக்கு மோனிக்கம்மாள நினைச்சுக்கோங்க, புனித அகுஸ்தினாரோட அம்மா, இன்னிக்கு அல்ஜீரியாவுல இருக்கிற தகாஸ்தேங்கிற ஊர்ல வாழ்க்கைப்பட்டவங்க. புருஷன் பத்ரீசியுஸ் கிறிஸ்தவர் இல்ல, கோவக்காரர். வீட்டு வேலைக்காரிங்க மாமியார் காதுல இவங்களப் பத்தி போட்டுக்கொடுத்து அந்தம்மாவும் ஆரம்பத்துல மருமகள ஆகாதவளா பாத்தாங்க. மோனிக்கம்மா பதிலுக்கு பதில் பேசல, மரியாதையிலயும் பொறுமையிலயும் நாள் போச்சு, கடைசியில மாமியாரே தன் மகனக் கூப்பிட்டு எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல சிண்டு முடியுறது இவளுங்கதான்னு சொல்லிட்டாங்க, அதுக்கப்புறம் அந்த வீட்ல சண்டையே இல்லன்னு அகுஸ்தினார் எழுதி வச்சிருக்கார். பத்ரீசியுஸும் சாகுறதுக்கு முன்ன ஞானஸ்நானம் வாங்கினார். ஒண்ண மட்டும் தெளிவா சொல்லிடுறேன், அடி உதைய பொறுத்துக்கோன்னு இதுக்கு அர்த்தம் பண்ணக்கூடாது, அப்படி ஏதாச்சும் இருந்தா உடனே பெத்தவங்ககிட்டயோ சட்டத்துகிட்டயோ போகணும். உங்க கடிதத்துல அப்படி இல்ல, பிடிக்காததுதான் இருக்கு. பாத்திரம் தேய்க்கும்போது பண்ற ஜெபம் கணக்குல சேருமான்னா, 1800 வருஷத்துக்கு முன்னயே சேத்தாச்சு மா.

"நாங்க சிஎஸ்ஐ. எங்க தாத்தா காலத்துல காலைல ஒரு தரம் சாயங்காலம் ஒரு தரம் கோயில்ல மணி அடிக்கும்னு சொல்லுவாங்க. செபமாலை இல்லாத எங்களுக்கு குடும்ப ஜெபம் எங்கருந்து வந்துச்சு டீச்சர்?" - சாயர்புரம் வாசகர்

தம்பி, புரோட்டஸ்டண்ட் சபைக்காரங்க உங்களுக்கு தரங்கம்பாடி வழி ஒண்ணு, பாளையங்கோட்டை வழி ஒண்ணு. ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1706 ஜூலையில தரங்கம்பாடியில இறங்கினார், அவர் தமிழ்ல கொண்டுவந்ததுல லூத்தர் 1529ல எழுதின சின்ன ஞானோபதேசமும், அதாவது கேள்வி பதிலா இருக்கிற போதனைப் புத்தகமும், ஒண்ணு. குடும்பத் தலைவன் வீட்டு ஆளுங்களுக்கு சொல்லிக்கொடுக்கணும்னே அந்தப் புத்தகத்துல பகுதி பகுதியா போட்டிருப்பார் லூத்தர். காலைல எழுந்ததும் சிலுவை அடையாளம் போட்டு, விசுவாசப் பிரமாணமும் கர்த்தருடைய ஜெபமும் சொல்லி, அப்புறம் ஒரு பாட்டு பாடிக்கிட்டு சந்தோஷமா வேலைக்கு போ. ராத்திரியும் அதே மாதிரி, அப்புறம் உடனே நிம்மதியா தூங்கு. சாப்பாட்டுக்கு முன்ன பிள்ளைங்களும் வேலையாட்களும் கை கூப்பி சங்கீதம் 145ல 15, 16 வசனம் சொல்லணும். ஆமா, சிலுவை அடையாளம்னுதான் லூத்தர் எழுதியிருக்கார், அது கத்தோலிக்கர் சமாச்சாரம்னு நினைக்கிறவங்க கவனிக்கணும்.

திருநெல்வேலிச் சீமையில அது வேற மாதிரி வேர் விட்டுச்சு. ரேனியஸ்ங்கிற மிஷனரி 1820ல பாளையங்கோட்டைக்கு வந்தார், ஊரை விட்டு தள்ளப்பட்ட புது விசுவாசிங்களுக்கு நிலம் வாங்கி தனி கிராமம் அமைக்க 1830ல தர்ம சங்கம் தொடங்குச்சு. அதுக்கு முன்னாடியே 1799ல முதலூர் அப்படி உண்டானதுதான். அந்த மாதிரி கிராமத்துல நடுவுல கோயில், பக்கத்துல பள்ளிக்கூடம், மணி அடிச்சா கோயிலுக்கு வந்து உபதேசியார் முன்னால ஜெபம். பனையேறுறவங்க விடியுமுன்ன ஏறணும், பொம்பளைங்க பதநீர் காய்ச்சணும், அதுக்கு தோதாத்தான் அந்தந்த ஊர்ல மணி நேரம் இருந்திருக்கும். போதகர் எப்பவாச்சும் ஒருநாள்தான் வருவார், அன்னன்னைக்கு சபையக் காப்பாத்தினது உபதேசியார்தான், அவரை யாரும் பெருசா எழுதி வைக்கல, எனக்கு அதுல வருத்தம் உண்டு. கத்தோலிக்க பக்கத்துலயும் இதே கதைதான், அங்க அவங்களுக்கு வேதியர்னு பேர், வீரமாமுனிவர் அவங்களுக்குன்னே வேதியர் ஒழுக்கம்னு ஒரு நூல் எழுதினார்னா அவங்க மேல எவ்வளவு பாரம் இருந்திருக்கும்னு பாருங்க.

உங்க பக்கத்து சிறப்பு வாசிப்பு. வேதத்த வாசிக்கணும்னா எழுத்து தெரியணும், அதனால பனங்காட்டு வீட்டுப் பிள்ளை, அதுலயும் பெண் பிள்ளை, ஸ்லேட்டு பிடிச்சுது. ராத்திரி ஜெபத்துல அந்த வீட்லயே வாசிக்கத் தெரிஞ்ச ஒரே ஆள் பத்து வயசுப் பொண்ணா இருந்தா, தாத்தா பாட்டி எல்லாம் அவ வாயப் பாத்துக்கிட்டு உட்காந்திருப்பாங்க. அப்புறம் பிடியரிசி. உலை வைக்க அளந்து எடுத்த அரிசியில ஒரு பிடி எடுத்து தனிப் பானையில போட்டு ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு கொண்டுபோறது. இருந்து கொடுக்கலாம்னு நின்னிருந்தா அந்த வீடுகள்ல எதுவும் வந்திருக்காது, வயித்துக்கு வச்சதுல எடுத்தாங்க. 1903ல பாளையங்கோட்டையில இந்திய மிஷனரி சங்கம் தொடங்கி, இன்னிக்கு தெலங்கானாவுல இருக்கிற தோர்னக்கல்லுக்கு ஆள் அனுப்பினப்போ வெளிநாட்டு காசு வேண்டாம், நம்ம ஜனங்க காணிக்கையே போதும்னு நின்னாங்க. அந்த தோர்னக்கல்லுக்கு 1912ல பிஷப் ஆன அசரியா வெள்ளாளன்விளைக்காரர், ஆங்கிலிக்கன் சபையில முதல் இந்திய பிஷப்.

"பாட்டி வெள்ளிக்கிழமை சுத்தபோசனம், தபசு காலத்துல ஒருசந்திம்பாங்க. ரெண்டும் ஒண்ணா? இப்ப ஏன் யாரும் பண்றதில்ல?" - திண்டுக்கல் வாசகி

ஒண்ணு இல்ல. சுத்தபோசனம்னா கவுச்சி கூடாது. ஒருசந்தின்னா ஒரு வேளைதான் முழுச் சாப்பாடு. அது தவிர நன்மை, அதாவது நற்கருணை, வாங்குறதுக்கு முன்ன நடு ராத்திரியிலருந்து பச்சத் தண்ணி கூட குடிக்காம இருந்தாங்க, 1953ல தண்ணி குடிக்கலாம்னு ஆச்சு, 1957ல 3 மணி நேரம், 1964ல 1 மணி நேரம்னு குறைஞ்சுது. 1966க்கு அப்புறம் ஒருசந்தி விபூதிப் புதனும் பெரிய வெள்ளியும்தான் கட்டாயம். அதனால சபை இளக்கிக் கொடுத்ததுதான், பாவம்னு பயப்படாதீங்க.

ஆனா ஆதியில இதுக்கு பின்னால ஒரு கணக்கு இருந்துச்சு, அது நம்மகிட்ட தொலைஞ்சு போச்சு. திதாக்கே புதன் வெள்ளி ரெண்டு நாளும் உபவாசம் இருங்கன்னு சொல்லுது. 2ம் நூற்றாண்டுல ரோம்ல ஹெர்மாஸ்னு ஒருத்தர் எழுதினதுல, உபவாசத்தன்னிக்கு அப்பமும் தண்ணியும் மட்டும் எடுத்துக்கோ, அன்னிக்கு வழக்கமா சாப்பிட்டிருந்தா எவ்வளவு செலவாகியிருக்கும்னு கணக்கு போடு, அந்தக் காச ஒரு விதவைக்கோ அனாதைக்கோ இல்லாதவங்களுக்கோ கொடுன்னு இருக்கு. அரிஸ்தீதிங்கிறவர் அதே நூற்றாண்டுல கிறிஸ்தவங்களப் பத்தி ராஜாவுக்கு எழுதும்போது, அவங்கள்ல ஒருத்தர் இல்லாதவரா இருந்து இவங்ககிட்டயும் மிச்சம் இல்லாட்டி ரெண்டு மூணு நாள் பட்டினி கிடந்து அந்த சாப்பாட்டை அவருக்கு கொடுக்குறாங்கன்னு எழுதுறார். நாம இப்ப வெள்ளிக்கிழமை கறிய விட்டுட்டு பனீர் வாங்கி அதைவிட ஜாஸ்தி செலவு பண்றோம். நான் பண்ணிட்டுதான் இருந்தேன், ஹெர்மாஸ படிச்சப்புறம் அந்த காச ஒரு டப்பாவுல போட ஆரம்பிச்சேன்.

"ஐடி வேலை, ராத்திரி ஷிப்ட். அம்மா ஊர்ல 7 மணிக்கு ஜெபம் சொல்லும்போது நான் மீட்டிங்ல இருப்பேன். குடும்ப ஜெபம் எங்களுக்கெல்லாம் முடிஞ்சுபோன கதையா?" - சென்னை வாசகர்

முதல் பதில்ல வேலை இடத்துல இருந்தா மனசுக்குள்ள ஜெபின்னு ஒரு வரி எழுதினேன்ல தம்பி, அது உங்களுக்குத்தான். கடல்ல வலை இழுக்கிறவன் மணி சத்தம் கேட்டா கைய எடுக்க முடியாது, எங்க ஊர்ல காலை, மத்தியானம், சாயங்காலம் ஜெபத்துக்கு அடிக்கிற திரிகால மணி கரையில அடிக்கும்போது வள்ளத்துல இருக்கிறவங்க வலைய விடாம வாயால மட்டும் சொல்லுவாங்க. 7 மணிக்கு அம்மாவுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுங்க, அது உங்க மணி. லீவு நாள்ல ஊருக்கு போனா அம்மா பக்கத்துல பாய்ல உட்காருங்க, போனை வேற ரூம்ல வச்சுட்டு.

"பரண் மேல பாட்டியோட ஜெபப் புத்தகம் கிடைச்சுது, அட்டை இல்ல, ஓரமெல்லாம் செல்லரிச்சிருக்கு, நடுவுல பாட்டி கையெழுத்துல யார் யார் செத்த தேதி எல்லாம் எழுதியிருக்கு. லேமினேட் பண்ணலாமா?" - வேளாங்கண்ணி பக்கத்து வாசகி

வேண்டவே வேண்டாம், லேமினேட் பண்ணினா திரும்ப எடுக்கவே முடியாது, உள்ள ஈரம் இருந்தா காகிதம் அதுக்குள்ளயே கெட்டுப் போகும். செலோ டேப்பும் ஒட்டாதீங்க, பசை மஞ்சளாகி எழுத்தையும் சேத்து தின்னுரும். நிழல்ல காத்தாட வச்சு, மெல்லிசான பிரஷ்ஷால தூசியத் தட்டி, துவைச்ச பழைய பருத்தித் துணியில சுத்தி, ஈரம் படாத இடத்துல படுக்க வச்சு வைங்க. அதுக்கு முன்னால பகல் வெளிச்சத்துல ஒவ்வொரு பக்கமா போன்ல படம் எடுத்து குடும்பத்துல நாலு பேருக்கு அனுப்பிடுங்க, தேதி எழுதின பக்கத்தை ரெண்டு தடவை எடுங்க. பாட்டி கூட அந்த ஜெபத்தை சொன்னவங்க யாராச்சும் இருந்தா, அந்த புத்தகத்தை அவங்க கையில கொடுத்து வாசிக்கச் சொல்லி குரலையும் பதிவு பண்ணுங்க. எங்க பாட்டி குரல் என்கிட்ட இல்ல. புத்தகத்தை மட்டும் எனக்கு தபால்ல அனுப்பிடாதீங்க, படம் அனுப்பினா போதும்.